நாலு சாம்பல்

எதிர் வீட்டு லேத்துக்காரருக்கு எதையும் அளக்காமல் செய்ய வராது. முட்டையைக்கூட கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேகவைப்பார். முப்பத்தாறு வருஷம் கடைசல் பட்டறையில் இரும்பைச் சீவியவர். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் செய்த உருப்படி குப்பைக்குப் போய்விடும் என்ற பயத்திலேயே காலம் தள்ளியவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழைநாள் மத்தியானம், இரும்பு ஸ்கேலும் பென்சிலுமாக நின்று, ஹால் சுவரில் அடிக்கு அடி நாலு கட்டம் போட்டு, மேலே ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

நான் தையல் மெஷினை வாசற்கதவை ஒட்டிப் போட்டிருப்பவள். மாடிப்படி ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். அதனால் எதிர் வீட்டில் இருமினால்கூட இவளுக்குத் தெரியும் என்று இந்தக் கட்டடத்தில் பேசுகிறார்கள். பேசட்டும். தெரியத்தான் செய்யும். கண்ணையும் காதையும் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைக்க முடியுமா?

தவிரவும், லேத்துக்காரருக்குக் காது மந்தம். பட்டறைச் சத்தம் தின்றது போக மிச்சம்தான் அவருக்கு இருந்தது. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், மகள் வீட்டிலிருந்து பேசுவது மூன்று மாடிக்கும் கேட்கும். அக்கா பேச்சிலோ ஒளிக்க ஒன்றும் இருக்காது. "சாப்டாச்சா?" "ஆச்சு." "தண்ணி வருதா?" "வருது." "சரி வைக்கிறேன், பாப்பா அழுவுது." அவ்வளவுதான். அது முடிந்த பிறகும் இவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

அக்கா மகளுடைய பிரசவத்துக்கு என்று போனவள். மூன்று மாதத்தில் வருவேன் என்று சொல்லி ஒரே ஒரு பையோடு போனாள். போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. குழந்தை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதாம். இடையில் இவர் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். மாலை போட்டு அனுப்பிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சண்டையா என்றால் கிடையாது. அந்த வீட்டில் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கீழ் வீட்டுக்காரி "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளாமே" என்று என்னிடம் வாயைக் கிண்டிப் பார்த்தாள். "கோவிச்சுக்கவாவது பேசணும்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது.

இப்போது இந்தச் சாம்பல் கதைக்கு வருகிறேன். மகள் புது வீட்டுக்குப் போனபோது வீடியோவில் சுற்றிக்காட்டினாளாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "சாம்பல் கலர் சுவரு அழகா இருக்கே" என்றாளாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். இவர் அதைப் பட்டறைக்கு வந்த ஆர்டர் மாதிரி மனசில் வைத்திருந்தார். வீட்டை அவளுக்குப் பிடித்த நிறத்துக்கு மாற்றிவிட்டால் வந்துவிடுவாள் என்று நம்பிக்கை. என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

"வந்து பாத்தா சந்தோசப்படுவால்ல, டெய்லரம்மா?"

"படுவாங்க அண்ணே. அக்காவையே கலர் சொல்லச் சொல்லுங்க."

இப்படிச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். நல்லது நினைத்துத்தான் சொன்னேன்.

பெயிண்டர் ஒரு வாயாடி. பட்டி பார்க்கும்போது பேச ஆரம்பித்தால் அது காய்கிற வரை நிறுத்த மாட்டார். கை மட்டும் பேச்சில் சேராமல் தன் பாட்டுக்கு வேலை செய்யும். சுவரில் பழைய பெயிண்ட் பொருக்கு விட்ட இடத்தையெல்லாம் சுரண்டி, ஓட்டையில் பட்டி அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பிரைமர் அடித்து நிறுத்தியிருந்தார். மாடிப்படியெல்லாம் மாவு மாதிரித் தூசி. என் துணியெல்லாம் வெள்ளை பூத்துப் போயிற்று. நான் முணுமுணுத்துக்கொண்டே தட்டினேன்.

கட்டங்களில் நாலு சின்ன டப்பாவிலிருந்து பெயிண்டரே தொட்டு அடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். நாலும் ஒன்றேபோலத்தான் இருந்தன.

"இதுல என்னண்ணே வித்தியாசம்? நாலும் எலிக்கலர்தான்."

பெயிண்டருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "டெய்லரக்கா, அப்படிச் சொல்லாதீங்க. சாம்பல்னு தனியா ஒரு கலரே கிடையாது. உள்ள வேற ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். ஒண்ணுல நீலம் இருக்கு. ரெண்டுல பச்சை. மூணுல துளி சிவப்பு. நாலு வெறும் கறுப்பும் வெள்ளையும். ஈரத்துல தெரியாது. காயட்டும், வெளிச்சம் மாறட்டும், அப்பப் பாருங்க, நாலும் நாலு திசைக்கு ஓடும்."

லேத்துக்காரர் அதைக் கேட்டதுதான் தாமதம், ஒரு நோட்டை எடுத்துவிட்டார். காலை ஏழு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து. மூன்று வேளையும் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார். 'ஒண்ணு: 7 மணி, குளிர். 12 மணி, பரவாயில்லை. 5 மணி, ஆஸ்பத்திரி.' இப்படி. இரண்டு நாள் மழை விடவில்லை. மழை வெளிச்சத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினார். பெயிண்டர் ஏணியில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டீங்க" என்று சிரித்தார்.

"அப்ப நான் எங்க பாத்தேன்? எங்க அப்பாதான் பாத்தாரு."

சிரிக்காமல் சொன்னார். பெயிண்டர் மட்டும் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை நாலு கட்டத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பினார். கேமராவைச் சுவரிலிருந்து சரியாக இரண்டடியில் பிடிக்க ஸ்கேலை நீட்டி வைத்துக்கொண்டார். பத்து மணிக்குப் போன் போட்டார். நான் தைப்பதை நிறுத்தவில்லை, மெதுவாக மிதித்தேன்.

"படம் வந்துச்சா?"

"ம்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நாலுல எது?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுவது கேட்டது.

"ரெண்டாவது நல்லாருக்கு."

"ரெண்டாவதா? சாயங்காலம் கொஞ்சம் பச்சையடிக்கும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல. நல்லாருக்கு. வைக்கிறேன், பால் அடுப்புல இருக்கு."

லேத்துக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாசலுக்கே வந்துவிட்டார். "ரெண்டாவதாம், டெய்லரம்மா! நான் மூணுன்னு நெனச்சேன். அவ கண்ணு வேற." எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. டீ போட்டு மூவருக்கும் ஊற்றினேன். ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே, அக்கா வருவதற்குள் ஜன்னல் கம்பிக்கும் ஒரு கை அடித்துவிடலாமா என்று பெயிண்டரிடம் கேட்டார். வருவதற்குள் என்றார். யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை என்பது எங்கள் மூவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

பெயிண்டர்தான் கேட்டார். "அண்ணே, நீங்க படம் அனுப்புனது எந்த வரிசையில? அவங்க ரெண்டாவதுன்னது நம்ம ரெண்டாவதான்னு பாத்துக்கணும். வாளி வாளியாக் கலந்துட்டா அப்புறம் திருப்பி எடுக்க மாட்டான் கடைக்காரன்." நியாயமான கேள்வி. போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, படமே போகலையே."

நாலு படத்தின் மேலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழையில் காலையிலிருந்தே நெட் சரியில்லை. பேச்சு மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்தது. பெயிண்டர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவருக்கு அது எங்கே வரும்? "ஒண்ணுகூடப் போகல. அப்புறம் எதைப் பாத்து ரெண்டாவதுன்னாங்க?"

லேத்துக்காரர் போனை வாங்கிக்கொண்டார். டீ டம்ளரைக் கழுவி என்னிடம் கொடுத்தார். பிறகு மழையோடு மொட்டைமாடிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, சட்டை நனைந்து இறங்கி வந்து, "இப்பப் போயிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வீட்டில் இருக்கும்போது அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை.

அக்கா மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷன் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்பினால் வந்ததா வராததா என்று பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்வதா? அன்றைக்கு நான் தைத்த மூன்று சட்டையில் காலர் கோணல். பிரித்துத் தைத்தேன். பிரிக்கும்போது வேறொன்றும் தோன்றியது. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், "எந்தத் துணி எடுக்கட்டும்?" என்று அவர் கேட்டால் நானும் "எதுவோ ஒண்ணு, நல்லாத்தான் இருக்கும்" என்றுதான் சொல்லியிருக்கிறேன், தலை நிமிராமலே. அதற்குப் பிறகு கோபம் அத்தனை சுலபமாக வரவில்லை.

இரண்டு நாள் அங்கே போன் சத்தமே இல்லை. பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, பிரைமரைத் தடவிவிட்டு, என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. லேத்துக்காரர் கதவைத் திறந்துவைத்து, சுவருக்கு எதிரே உட்கார்ந்து, போன் போட்டார். நான் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று, ஊசியில் நூல் இல்லாமலே மெஷினை மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை அறியாமல் கால் நின்றுவிட்டது.

"அன்னிக்குப் படம் வரவே இல்ல உனக்கு."

"இல்ல."

"அப்புறம் ஏன் பாத்தேன்ன?"

"ஏதாவது சொல்லணும்ல. நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்க."

"இப்ப வந்திருக்கா?"

"வந்திருக்கு. ரெண்டு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பாப்பா தூங்குறப்ப எடுத்துப் பாக்குறேன்."

"சரி, இப்பச் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல. எது புடிச்சிருக்கு?"

"தெரியலைங்க."

"தெரியலன்னா? நாலுதான இருக்கு."

"எனக்கு என்ன புடிக்கும்னே தெரியலைங்க." அக்காவின் குரல் இப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. "முப்பத்திரெண்டு வருசத்துல நீங்க என்கிட்ட என்ன கேட்டிருக்கீங்க? சோறு ஆச்சா, சாவி எங்க, தண்ணி வந்துச்சா. இது மூணும்தான். நானும் மூணுக்கும் பதில் சொல்லியே பழகிட்டேன். இப்பத் திடீர்னு நாலு கலரைக் காட்டி உனக்கு எது வேணும்னா, நான் எங்க போய்த் தேடுவேன்? அழுகைதான் வருது."

லேத்துக்காரர் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "நான் உன்னை ஒரு வார்த்தை திட்டினதில்லையே."

"இல்ல. நீங்க நல்லவருதான். அதனாலதான் இதை யாருகிட்டயும் என்னால சொல்ல முடியல."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு இவர் கேட்டார். நாலு கட்டம் போட்டு, நோட்டெழுதி, மழையில் நனைந்து, இத்தனை நாளும் கேட்காமலே சுற்றிவந்த கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"நீ எப்ப வருவ?"

"கலர் சொன்னா நாளும் சொல்லணும். அதான் வாய் வரல. வரமாட்டேன்னு நான் சொல்லல. வருவேன்னும் சொல்ல முடியல. இங்க ஒரு சின்னது காலையில கண்ணு முழிச்சதும் என் மூஞ்சியைத் தேடுது. அதை விட்டுட்டு அங்க வந்து, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பாத்துக்கிட்டு உக்கார எனக்குப் பயமா இருக்கு. அது என்ன கலரா இருந்தாலும் சரி."

இவர் 'ம்' என்றார். நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எது புடிச்சிருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

அவர் மடியிலிருந்த நோட்டைப் பிரித்தார். "மூணாவது காலையில ஏழு மணிக்கு..."

"நோட்டுல இருக்கறதை விடுங்க. உங்களுக்கு எது புடிச்சிருக்கு?"

லேத்துக்காரர் நோட்டை மூடினார். சுவரைப் பார்த்தார். அவரையும் யாரும் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டறையில் வரைபடம் வரும், அதன்படி சீவ வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

மறுநாள் பெயிண்டர் வருவதற்கு முன்பே எழுந்து, சுவரெதிரே உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு இல்லை. பெயிண்டர் ஏணியை நிறுத்திக்கொண்டே, "என்னண்ணே, முடிவாச்சா, இல்ல இன்னும் ஒரு மழை பாக்கணுமா?" என்றார்.

"ஹாலுக்கு மூணு."

"காரணம்?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "காலையில எந்திரிச்சு வர்றப்ப, வீட்ல யாரோ ஆள் இருக்கற மாதிரி இருக்கு."

பெயிண்டர் சிரிக்காமல் கடைக்குப் போனார். கலந்து வாங்கிவந்து, வாளியில் குச்சி விட்டுக் கலக்கி, தரையில் பழைய பேப்பர் விரித்து வேலையைத் தொடங்கினார். ஓரத்தையெல்லாம் பிரஷ்ஷால் இழுத்துவிட்டு, நடுவில் ரோலரை மேலும் கீழும் இழுத்தார். முதல் பூச்சில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. இரண்டாவது பூச்சில் சுவர் அமைதியாகிவிட்டது. நாலு கட்டமும் அடியில் போய்விட்டன. லேத்துக்காரர் ஒரு மூலையில் நின்று முழுக்க முழுக்கப் பார்த்தார். எலிக்கலர் என்று சொன்ன என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். அவ்வளவு பெரிய சுவரில் அது வேறு நிறம். சாயங்கால வெயிலில் யாரோ அப்போதுதான் எழுந்து போன நாற்காலி மாதிரி கதகதப்பாக இருந்தது.

ஹால் முடித்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு பெயிண்டர் சின்ன அறைக்குப் போனார். அது அக்காவின் அறை. இவருக்கு ராத்திரி ஷிஃப்ட் வந்த காலத்தில், பகலில் இவர் தூங்குவதற்குத் தொந்தரவாக இருக்கும் என்று அக்கா தன் துணிமணியோடு அங்கே மாறினாள். ஷிஃப்ட் மாறியது, அக்கா திரும்ப மாறவில்லை. ஒரு கட்டில், ஒரு பீரோ, தெருப் பக்கம் ஒரு ஜன்னல், அவ்வளவுதான் அந்த அறை.

"அது வேணாம்" என்றார் லேத்துக்காரர்.

"என்ன வேணாம்?"

"அந்த ரூமுக்கு அடிக்க வேணாம். அப்படியே விட்டுருங்க."

"அண்ணே, அது வெறும் பிரைமர். மேல பூச்சு போடாம விட்டா கை பட்ட இடமெல்லாம் கறை. தூசியை அப்படியே குடிச்சுக்கும். நாலே மாசத்துல பாக்க முடியாது."

"கறை படட்டும். அவ சொல்லட்டும், அப்புறம் அடிக்கலாம்."

"எப்பச் சொல்வாங்க?"

"தெரியல."

பெயிண்டர் ஏணியை வெளியே கொண்டுவந்து என் வாசலில் சாய்த்துவைத்துவிட்டு, "வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனா என் பேருல்ல கெடும்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். "போய்ட்டு வாங்க, கூப்புடுவாங்க" என்றேன். பிரஷ்ஷையெல்லாம் அலசி எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. அக்காவே போட்டிருந்தாள்.

"ஹால் படம் வந்துச்சு. பாத்தேன். மூணாவதுதான இது?"

"மூணாவதுதான்."

"ஜன்னலோரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாத் தெரியுதே?"

"அது வெளிச்சம்." அவர் குரலில் ஒரு துள்ளல். உண்மையிலேயே பார்த்திருக்கிறாள் அல்லவா. "உன் ரூமுக்கு அடிக்கல. வெள்ளையா விட்டிருக்கு. நீ என்ன சொல்றியோ அது."

லைன் போய்விட்டதோ என்று இவர் போனை எடுத்துப் பார்த்தார்.

"நாலுல ஒண்ணுதான் சொல்லணுமா?"

"நீ எது சொன்னாலும் சரி. நாள் சொல்ல வேணாம், கலர் மட்டும் போதும்."

"ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்குச் சாம்பலே புடிக்காதுங்க. அன்னிக்கு வீடியோவுல, மக ஆசை ஆசையாக் காட்டுறாளே, மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன். இந்த வீடும் சாம்பல்தான். எழுந்தா சாம்பல், படுத்தா சாம்பல். எனக்கு மூச்சு முட்டுது."

ஹால் முழுக்க மூணாவது சாம்பல். ஈரம் காயாத வாசனை மாடிப்படி வரை வந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் அவர் ஒற்றையாக நின்றிருந்தார். அவர் சிரித்தார். சத்தமாக, காது கேளாதவர்கள் சிரிக்கிற மாதிரி, தன் சிரிப்பு எவ்வளவு பெரிது என்று தெரியாமல் சிரித்தார். அந்தப் பக்கம் அக்காவும் சிரித்த மாதிரி இருந்தது, அழுத மாதிரியும் இருந்தது.

"அப்ப இதையும் மாத்திருவோம். பெயிண்டரை நாளைக்கே வரச் சொல்றேன்."

"வேணாம், வேணாம். அது நீங்களாப் புடிச்சு அடிச்சது. அப்படியே இருக்கட்டும்."

"உனக்கு?"

"எனக்கு இது புடிக்காதுன்னு மட்டும்தான் இப்போதைக்குத் தெரிஞ்சிருக்கு. மிச்சம் தெரியறப்பச் சொல்றேன்."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருவரும் வைக்கவில்லை. குழந்தை விழித்துக்கொண்டது போலிருக்கிறது, அக்காதான் வைத்தாள்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. பெயிண்டர் சொன்னபடியே சின்ன அறைச் சுவரில் அழுக்கு ஏறிவிட்டது. லேத்துக்காரர் தினமும் அதை உலர்ந்த துணியால் துடைக்கிறார். அக்கா சில நாள் தானாகவே போன் போட்டு, மஞ்சள் பிடிக்குமோ என்று தோன்றுகிறது என்பாள், மறுவாரம் இல்லை என்பாள். எந்த நாளில் வருவாய் என்று இவர் கேட்பதில்லை. காலை ஏழு மணிக்கு ஹாலில் தனியாக உட்கார்ந்து முட்டை சாப்பிடுகிறார். அக்கா இன்னும் கலர் சொல்லவில்லை.